சராசரி போதாது: கைத்தொழிற் பொறியியல் பட்டப்படிப்பில் படிப்பது என்ன?

உயர்தரக் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு வந்ததும் யாழ்ப்பாணத்து வீடுகளில் பேசப்படும் பொறியியல் துறைகள் நாலுதான்: சிவில், மின், கணினி, இயந்திரம். கைத்தொழிற் பொறியியல் அந்தப் பேச்சில் அடிபடுவதே அரிது. அடிபட்டாலும் "அது தொழிற்சாலையில மெசின் திருத்துற படிப்போ?" என்ற கேள்வியோடு முடிந்துவிடும். மெசினை வடிவமைப்பது இயந்திரப் பொறியியலாளரின் வேலை. அந்த மெசினுக்கு முன்னால் இருக்கும் தொழிலாளி, அவர் கைக்கு வரவேண்டிய துணி, தைத்து முடிந்த உருப்படி போய்ச் சேரும் மேசை, இடையில் கழியும் நிமிடங்கள், பழுதென்று திரும்பி வருபவை ஆகிய எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாகப் பார்த்து, நேரமும் பொருளும் உழைப்பும் எங்கே வீணாகின்றன என்று அளந்து சொல்பவர்தான் கைத்தொழிற் பொறியியலாளர். ஆடைத் தொழிற்சாலையில் மட்டுமல்ல, ஆஸ்பத்திரியிலும் துறைமுகத்திலும் வங்கியிலும் பஸ் டிப்போவிலும் இவருக்கு வேலை இருப்பது அதனால்தான்.

இலங்கையில் இதைப் படிக்க நேரான வழி, பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் இருக்கும் உற்பத்தி மற்றும் கைத்தொழிற் பொறியியல் துறை. மொறட்டுவையில் ஆடைத்தொழில் சார்ந்த பொறியியலும், போக்குவரத்து மற்றும் தளவாட முகாமைத்துவமும் இதற்கு மிக நெருங்கிய படிப்புகள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் இந்தப் பெயரில் தனித்துறை இல்லை. ஆனாலும் அங்கே எந்தத் துறையை எடுப்பவரும் முகாமைத்துவம், புள்ளிவிபரவியல் போன்ற பாடங்களில் இதன் ஓரத்தையாவது தொடுவார். திறந்த பல்கலைக்கழகத்தின் கைத்தொழிற் கற்கைகள் பட்டம், வேலை செய்துகொண்டே படிக்க விரும்புகிறவர்களுக்கு ஏற்றது. பொறியியல் பட்டம் 4 ஆண்டு, 8 அரையாண்டு. முதலில் எல்லோருக்கும் பொதுப் பாடங்கள். பிறகு புள்ளிகளையும் விருப்பத்தையும் வைத்துத் துறை பிரிப்பார்கள். எனவே பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததே இந்தத் துறை கிடைத்ததாகாது. முதலாண்டுப் பெறுபேறும் வேண்டும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் (நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றொன்று ஏற்கும் ஏற்பாடு) முழு உறுப்பினராகிவிட்டதால், அங்கீகாரம் பெற்ற பட்டங்களுக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு.

வரலாறு சுருக்கமானது. நிறுத்தற் கடிகாரத்தோடு வேலையைக் கூறுபோட்டு அளந்த பிரெடரிக் டெய்லரும், செங்கல் அடுக்கும் மேசன் செய்த 18 அசைவுகளை 4½ ஆகக் குறைத்த பிராங்க் கில்பிரெத்தும், அவர் மனைவி லில்லியனும் தொடங்கி வைத்தவர்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரி 1909இல் இதற்கென்றே ஒரு துறையைத் திறந்தது. தேர்வில் வரும் அளவுக்கு இந்தப் பெயர்களைத் தெரிந்திருந்தால் போதும். மாணவர் இடறி விழும் இடம் வேறு.

இணைந்த கணிதத்தில் கெட்டிக்காரராக இருந்தவருக்குக் கணக்கென்றால் ஒரு விடை. சாய்தளத்தில் வழுக்கும் துணிக்கைக்கு ஆர்முடுகல் ஒன்றுதான். புள்ளிவிபரவியலும் நிகழ்தகவும் பாடத்திட்டத்தில் இருந்தாலும், இரண்டாம் வினாத்தாளின் பி பகுதியில் 7 வினாக்களில் 5 செய்தால் போதும் என்பதால், பலர் அந்த வினாவை ஒதுக்கிவிட்டே ஏ சித்தி எடுத்துவிடுகிறார்கள். கைத்தொழிற் பொறியியல் தொடங்குவதோ ஒதுக்கிய அந்த வினாவில்தான். ஒரே ஆள், ஒரே மெசின், ஒரே வேலை. ஆனால் ஒவ்வொரு தடவையும் எடுக்கும் நேரம் வேறு. இந்த மாறல்தான் படிப்பின் மையப் பொருள். சராசரி என்ற ஒற்றை எண்ணுக்குள் எது மறைந்து கிடக்கிறது என்று தேடப் பழகாதவர், 4 ஆண்டும் சூத்திரம் பாடமாக்கிச் சித்தியடையலாம்; தொழிற்தளத்தில் நிற்க முடியாது.

முதலில் வரும் வேலை ஆய்வுப் பாடத்தையே எடுப்போம். சேர்ட்டில் பொக்கற் பொருத்தும் ஒருவரைப் 10 தடவை அளந்ததாக வையுங்கள். செக்கனில்: 38, 41, 36, 44, 39, 40, 62, 37, 42, 41. சராசரி 42. அந்த 62 ஏன் வந்தது? நூல் அறுந்து, திரும்பக் கோர்த்திருக்கிறார். சில மாணவர்கள் 62ஐயும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். சிலர் கணக்கைக் கெடுக்கிறது என்று சத்தமில்லாமல் வெட்டிவிடுவார்கள். இரண்டும் பிழை. நூல் அறுவது பொக்கற் பொருத்தும் வேலையின் பகுதியல்ல, ஆனால் உண்மையில் நடப்பது. ஆகவே அதைத் தாளில் காரணத்தோடு தனியாக எழுதி, நாளொன்றுக்கு எத்தனை முறை அறுகிறது என்று வேறாக எண்ணி, களைப்பு, தடங்கல் போன்றவற்றுக்காகக் கூட்டிக் கொடுக்கும் சலுகை நேரத்துக்குள் சேர்க்க வேண்டும்.

மிச்சம் 9 வாசிப்பின் சராசரி 39.8 செக்கன். இந்தத் தொழிலாளி வழமையான வேகத்தை விடக் கொஞ்சம் மெதுவானவர் என்று கணித்து 90 வீதம் கொடுத்தால், இயல்பு நேரம் 35.8. களைப்புக்கும் தண்ணீர் குடிக்கவும் நூல் அறுவதற்குமாக 15 வீதம் சேர்த்தால் நியம நேரம் 41.2 செக்கன், அதாவது 0.69 நிமிடம். ஆடைத் தொழிற்சாலைகளில் எஸ்எம்வி (ஒரு வேலைக்குரிய நியம நிமிடம்) என்று எல்லோர் வாயிலும் அடிபடும் எண் இதுதான். ஆள்சேர்ப்பு, நாள் இலக்கு, ஊக்கப்படி எல்லாம் இதன் மேலேயே கட்டப்படுகின்றன.

எத்தனை வாசிப்பு எடுத்தால் போதும் என்பதற்கும் கணக்கு உண்டு. 95 வீத நம்பிக்கையோடு சராசரி 5 வீதத்துக்குள் சரியாக இருக்க வேண்டுமென்றால், 1.96ஐ நியம விலகலால் (வாசிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்ற அளவு) பெருக்கி, சராசரியின் 5 வீதத்தால் பிரித்து, வர்க்கிக்க வேண்டும். 62ஐத் தனியாக்கிய தரவில் நியம விலகல் 2.5, தேவைப்படும் வாசிப்பு 7. 62ஐ உள்ளே விட்டால் நியம விலகல் 7.4, தேவை 48. ஒரே ஒரு வாசிப்பு வேலையை ஏழு மடங்காக்கிவிடுகிறது. வேலையைச் சரியான கூறுகளாகப் பிரிக்காமல் அளக்கத் தொடங்குகிறவர்கள் நாட்கணக்கில் அளந்தும் முடிவுக்கு வராமல் நிற்பது இதனால்தான்.

பிறகு லைன் சமப்படுத்தல், அதாவது லைனில் இருப்பவர்களுக்கு வேலையைச் சமமாகப் பங்கிடுவது. சேர்ட்டுக்கு மொத்தம் 18 நிமிடம், லைனில் 30 பேர், நாளுக்கு 480 நிமிடம் என்றால், காகிதத்தில் 800 சேர்ட் வரவேண்டும். ஆளுக்கு 0.6 நிமிடம். பொக்கற்காரரின் 0.69 அந்த 0.6ஐத் தாண்டுகிறது. ஆகவே மற்ற 29 பேர் எவ்வளவு ஓடினாலும் லைனில் இருந்து 700க்கு மேல் வராது. அவருக்கு முன்னால் துணி குவியும், பின்னால் இருப்பவர் கை சும்மா கிடக்கும். அனுபவமுள்ள சுப்பர்வைசர் குவியலைப் பார்த்தே ஓட்டம் தடைப்படும் இடுக்கை அறிந்துகொள்வார். மாணவரும் தாளைப் பார்க்க முதல் குவியலைத்தான் பார்க்க வேண்டும். பொக்கற் வேலையில் ஒரு சிறு கூறை, மடிப்பு அழுத்துவது போன்றதை, அடுத்த ஆளுக்கு மாற்றலாமா என்பதே முதற் கேள்வி. இன்னொரு மெசின் வாங்குவது கடைசி வழி.

கடிகாரத்தோடு ஒருவர் பின்னால் போய் நிற்பதே ஒரு தலையீடு. சிலர் பதற்றத்தில் வேகமாகச் செய்வார்கள். சிலர் இலக்கு கூடிவிடும் என்று பயந்து மெதுவாகச் செய்வார்கள். 1911இல் அமெரிக்காவின் வோட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் டெய்லர் முறை அளவீட்டை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1915இல் அந்நாட்டுக் காங்கிரஸ் அரச ஆயுதத் தொழிற்சாலைகளில் நிறுத்தற் கடிகார ஆய்வுக்குப் பணம் செலவிடுவதையே தடுத்தது. அளக்கப் போகும் மாணவர் முதலில் தன் பெயரையும் நோக்கத்தையும் சொல்லி, அனுமதி கேட்டு, முதல் அரைமணி நேரத்து வாசிப்புகளைக் கணக்கில் சேர்க்காமல் விடவேண்டும். கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகளின் லைன்களில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் இளம் பெண்கள், பலர் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள். தாளில் எழுதப்படும் 90 வீதம் ஒருவருடைய மாதச் சம்பளத்தைத் தொடும். அதை நினைவில் வைத்தே எழுத வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் செயற்பாட்டு ஆய்வு வரும். இருக்கும் வளங்களுக்குள் மிகச் சிறந்த பங்கீட்டைக் கணிக்கும் ஏகபரிமாணத் திட்டமிடல் நம்மவர்களுக்குச் சுலபம். ஜோர்ஜ் டான்சிக் 1947இல் உருவாக்கிய சிம்பிளெக்ஸ் முறை சமன்பாடுகளாலானது, ஒரு விடையில் வந்து நிற்கும். வரிசைக் கோட்பாட்டில்தான் மீண்டும் மாறல் குறுக்கே வரும். ஒரு வெளிநோயாளர் பிரிவில் ஒரு வைத்தியர், நோயாளிக்குச் சராசரி 3 நிமிடம், மணித்தியாலத்துக்கு 20 பேர் என்று வைப்போம். 16 பேர் வந்தால் அடிப்படைச் சூத்திரப்படி சராசரிக் காத்திருப்பு 12 நிமிடம். 18 பேர் வந்தால் 27 நிமிடம். 19 பேர் வந்தால் 57. 18க்கும் 19க்கும் ஒரே ஒரு நோயாளிதான் வித்தியாசம், காத்திருப்போ இரண்டு மடங்குக்கும் மேல். "20 பேரைப் பார்க்க முடியும், 19 பேர்தானே வருகிறார்கள், ஏன் இவ்வளவு சனம்?" என்று நிர்வாகம் கேட்கும்போது பதில் இதில் இருக்கிறது. வருகையும் சிகிச்சை நேரமும் ஏறி இறங்கும் இடத்தில், கொள்ளளவின் விளிம்பு வரை நிரப்பினால் வரிசை வெடிக்கும்.

ஆனால் அந்தச் சூத்திரத்தை அப்படியே யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் போட்டால் விடை பிழைக்கும். நோயாளர் எந்த நிமிடத்திலும் ஒருவரையொருவர் சாராமல் வருகிறார்கள் என்பது சூத்திரத்தின் எடுகோள். இங்கே நம்பர் எடுக்க விடியவே வந்து குந்துகிறார்கள். முதல் பஸ்சில் ஒரு கூட்டம். நெடுந்தீவுப் படகில் குறிகாட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் இன்னொரு கூட்டம். திரும்பிப் போகும் படகு அவர்களுக்குக் காத்திருக்காது. இப்படிக் கொத்துக் கொத்தாக வரும் வருகைக்குக் கணினிப் போலச்செய்தல்தான், அதாவது அந்த இடத்தின் மாதிரியைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான், கருவி. அதிலும் வழமையான பிழைகள் உண்டு. ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்த எண்ணை முடிவென்று எழுதுவது முதலாவது. வெவ்வேறு எழுமாற்றுத் தொடக்கங்களோடு 30 தடவையாவது ஓட்டி, சராசரியோடு பரவலையும் தர வேண்டும். 24 மணித்தியாலமும் ஓடும் ஆலையின் மாதிரியில் வெறுமையாகத் தொடங்கி வழமை நிலைக்கு வரும்வரையான தொடக்க ஓட்டத்தை வெட்டிவிட வேண்டும். தினமும் வெறுமையாகத் திறக்கும் வெளிநோயாளர் பிரிவில் வெட்டவே கூடாது, காலை நெரிசல்தான் அங்கே ஆய்வுப் பொருள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இருப்புக் கட்டுப்பாட்டில் எல்லோரும் பாடமாக்குவது 1913இல் போர்ட் ஹாரிஸ் தந்த சிக்கனக் கட்டளை அளவு, அதாவது மொத்தச் செலவு மிகக் குறைய ஒரு தடவைக்கு எத்தனை எடுப்பிப்பது என்ற எண். பனம்பொருள் அடைக்கும் சிறு ஆலைக்கு ஆண்டுக்கு 12,000 போத்தல் வேண்டும், ஒவ்வொரு தடவையும் கொழும்பிலிருந்து எடுப்பிக்க 3,000 ரூபா, ஒரு போத்தலை ஆண்டு முழுக்க வைத்திருக்க 20 ரூபா என்றால், விடை தடவைக்கு ஏறத்தாழ 1,900 போத்தல். இந்த எண்ணைத் தசமதானம் வரை துல்லியமாக்கப் பாடுபட வேண்டியதில்லை. அதைவிட ஒன்றரை மடங்கு கூட எடுத்தாலும் எடுப்பிக்கவும் வைத்திருக்கவும் ஆகும் மொத்தச் செலவு 8 வீதம்தான் கூடும்.

எப்போது கட்டளை போடுவது என்பதே கடினமான கேள்வி. நாளுக்குச் சராசரி 40 போத்தல் போகிறது, நியம விலகல் 10. லொறி வரச் சராசரி 5 நாள். லொறி தவறாமல் 5ஆம் நாளே வந்தால், 95 வீதப் பாதுகாப்புக்கு 37 போத்தல் மேலதிக இருப்புப் போதும். லொறியின் நாளும் 2 நாள் நியம விலகலோடு ஏறி இறங்கினால் தேவை 137. வாடிக்கையாளர் மாறியதால் வந்ததல்ல இந்த 100 போத்தல். முழுக்க வழியின் நிச்சயமின்மைக்குக் கட்டும் விலை. 2006இல் ஏ9 பாதை மூடப்பட்டு, கப்பல் எப்போது வருமென்று தெரியாமல் இருந்த காலத்தைக் கடந்த யாழ்ப்பாணத்து வியாபாரிகள் களஞ்சியத்தை நிரப்பி வைக்கும் பழக்கத்தை விடாததற்கு இந்தக் கணக்கே நியாயம் சொல்கிறது. பாதை சீரான பிறகும் பழைய அளவிலேயே இருப்பு வைத்தால் பணம் முடங்கும். அதைக் குறைக்கச் சொல்வதற்கு முன், கடைசி 30 தடவையும் லொறி எத்தனை நாளில் வந்தது என்று பற்றுச்சீட்டுகளைப் பார்த்து எழுத வேண்டும்.

தரக் கட்டுப்பாடு, 1924இல் வால்டர் ஷூவார்ட் வரைந்த கட்டுப்பாட்டு வரைபிலிருந்து தொடங்குகிறது. மாதிரிகளின் சராசரியை நேர ஒழுங்கில் புள்ளிகளாக வைத்து, இயல்பான ஏற்ற இறக்கத்துக்கு மேலும் கீழும் எல்லைக் கோடு போடும் வரைபு அது. 750 மில்லிலீற்றர் என்று ஒட்டிய நெல்லிரசப் போத்தல்களில் மணிக்கொரு தடவை 5ஐ எடுத்து அளக்கிறீர்கள். சராசரிகளின் சராசரி 752, வீச்சின் (ஒவ்வொரு ஐந்திலும் கூடியதற்கும் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசத்தின்) சராசரி 6. ஐந்தின் மாதிரிக்கு உரிய மாறிலி 0.577. அதை 6ஆல் பெருக்கி 752இலிருந்து கழித்தும் கூட்டியும் வரும் எல்லைகள் 748.5, 755.5. புள்ளிகள் எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன என்று மாணவர் திருப்தியோடு எழுதிவிடுவார். அந்த எல்லைகள் ஐந்து போத்தலின் சராசரிக்கு உரியவை, தனிப் போத்தலுக்கு அல்ல. 6ஐ ஐந்தின் மாதிரிக்குரிய இன்னொரு மாறிலியான 2.326ஆல் பிரித்தால் தனிப் போத்தலின் நியம விலகல் 2.6. அப்படியானால் பரம்பல் செவ்வனாக இருக்கையில் ஐந்து போத்தலில் ஒன்றுக்கும் சற்று அதிகமானவை 750க்குக் குறைவாகவே கடைக்குப் போகின்றன. வரைபு சுத்தம், வாங்கியவருக்கு நட்டம்.

இன்னொரு பிழை, அக்கறை உள்ளவர்கள்தான் செய்வது. ஒரு போத்தல் 3 மில்லிலீற்றர் குறைந்தால் உடனே மெசினை 3 கூட்டுவது, அடுத்தது கூடினால் குறைப்பது. மெசின் இயல்பாகவே ஏறி இறங்குகிறதென்றால், இப்படித் திருகித் திருகித் திருத்துவது நியம விலகலை 1.4 மடங்காக்கும். வரைபின் எல்லையைத் தாண்டும்வரை கையை வைக்காதே என்பதுதான் ஷூவார்ட்டின் வரைபு மெசினை இயக்குபவருக்குத் தரும் முதல் உதவி.

வேலையை மனித உடம்புக்கு ஏற்றபடி அமைக்கக் கற்பிக்கும் பணிச்சூழல் இயலைப் பலர் இலேசாக நினைத்துக் கடந்துபோகிறார்கள். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் 1991இல் திருத்திய தூக்கும் சமன்பாட்டில், எல்லாம் சாதகமாக இருந்தாலே ஒருவர் தூக்கத்தக்க எல்லை 23 கிலோ. உடம்பிலிருந்து பொருள் தள்ளிப் போகவும், நிலத்திலிருந்து குனிந்து எடுக்கவும், திரும்பி வைக்கவும் அது இன்னும் குறையும். எங்கள் சீமெந்துப் பை 50 கிலோ. முதுகு முறிந்து நாற்பது வயதில் வீட்டில் இருப்பவர்களைக் கண்ட ஊரில் இந்தப் பாடத்தை இலேசாக எடுக்க நியாயமில்லை.

பயிற்சிக் காலத்துக்கும் இறுதியாண்டு ஆய்வுக்கும் வடக்கில் பெரிய ஆலைகள் இல்லை என்று கவலைப்படுவது வழமை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றது, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரோடு போனது, இழப்பு உண்மையானது. ஆனால் அளப்பதற்கு விசயம் குறையவில்லை. கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகள், அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை, ஆனையிறவு உப்பளம், ஐஸ் ஆலைகள், அரிசி ஆலைகள், ஆஸ்பத்திரி மருந்தகம், மத்திய பஸ் நிலையம் எல்லாம் இருக்கின்றன. சிறிய இடத்தில் ஒரு நன்மை, தொடக்கத்திலிருந்து முடிவுவரை முழு ஓட்டத்தையும் ஒரே ஆள் கண்ணால் தொடரலாம்.

ஆய்வு கெடுவது பெரும்பாலும் முதல் இரண்டு கிழமையில். "உற்பத்தித்திறனை மேம்படுத்தல்" என்று தலைப்பு எழுதிவிட்டு எதை அளப்பதென்று கடைசிவரை தீர்மானிக்காதவர்கள் உண்டு. ஓர் அளவை மட்டும் எடுங்கள்: கட்டளை வந்த நேரத்திலிருந்து பொருள் வெளியேறும் நேரம், அல்லது நூறுக்கு எத்தனை திரும்பி வருகின்றன. எதையும் மாற்ற முதல் 10 வேலைநாள் இருந்தபடியே அளந்து வையுங்கள். அந்த அடித்தரவு இல்லாவிட்டால், பிறகு வரும் முன்னேற்றத்தை யாருக்கும் நிறுவ முடியாது. எந்த நாட்கள் என்பதும் முக்கியம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்குள் எடுத்த நகரப் போக்குவரத்துத் தரவு ஆண்டின் மற்ற நாட்களுக்குப் பொருந்தாது. போயா விடுமுறைக்கு மறுநாள் கிளினிக் வழமையான கிளினிக் அல்ல. மழைக்காலத்து உப்பளத்தில் அளக்க ஒன்றும் இருக்காது. மொழியும் ஒரு தடை: விரிவுரையும் அறிக்கையும் ஆங்கிலத்தில், தொழிலாளியோடு பேசுவது தமிழில். நியம விலகல், மாறற்றிறன், நிகழ்தகவு ஆகியவற்றுக்கு நேரான ஆங்கிலச் சொற்களை முதல் மாதமே கொப்பியில் எழுதிப் பழகினால் பாதிப் பயம் போய்விடும்.

உயர்தரம் முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை கிடைக்கும் மாதங்களில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. பேக்கரி, பஸ் தரிப்பிடம், பலசரக்குக் கடை, எங்கேயாவது ஒரே வேலை திரும்பத் திரும்ப நடக்கும் இடத்தில் அனுமதி கேட்டு நின்று, 40 தடவை நேரத்தைக் குறியுங்கள். சராசரி எடுக்க அவசரப்படாமல், முதலில் அந்த 40ஐயும் எடுத்த ஒழுங்கிலேயே வரைபுத்தாளில் புள்ளிகளாக வையுங்கள். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிவிட்டால் நேரத்தின் ஒழுங்கு அழிந்துவிடும். மத்தியானத்துக்குப் பிறகு புள்ளிகள் மெல்ல ஏறுகின்றனவா, ஒவ்வொரு ஏழாவது எட்டாவது தடவையும் ஒன்று துள்ளுகிறதா, ஆள் மாறிய இடத்தில் மட்டம் மாறுகிறதா என்று பாருங்கள். துள்ளும் புள்ளி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அந்த நேரம் என்ன நடந்தது என்று ஒரு சொல் எழுதுங்கள்: சில்லறை இல்லை, மா முடிந்தது, கரண்ட் போனது.